இறுதி நாட்களில் எண்ணெயும் கஞ்சியும்: வீட்டில் ஆயுர்வேத முறையில் நோயாளியைப் பேணுதல்

நோயைத் தீர்க்கும் சிகிச்சை இனி இல்லை, வீட்டுக்கு அழைத்துச் சென்று நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியதும், பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு வகைப் பேச்சுகள் எழுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேரளாவுக்குக் கொண்டுபோனால் ஆயுர்வேதத்தில் எதாவது வழி இருக்கும் என்பார் ஒருவர். போதும், இனி எதையும் செய்து அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பார் இன்னொருவர். முதல் பேச்சு பணத்தையும் நோயாளியின் மிச்சத் தெம்பையும் கரைக்கும். இரண்டாவது, செய்யக்கூடிய பலவற்றையும் செய்யாமல் விட்டுவிடும். என் தாயாரைப் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றில் கடைசி ஐந்து மாதங்கள் கவனித்துக்கொண்ட அனுபவத்திலிருந்து நான் சொல்ல வருவது இதுதான்: இந்தக் கட்டத்தில் ஆயுர்வேதம் தருவது விழுங்கும் மருந்தில் குறைவாகவும், கவனித்துக்கொள்பவரின் கையில் மிகுதியாகவும் இருக்கிறது. எண்ணெய், வெதுவெதுப்பு, கஞ்சித் தெளிவு, அமைதி ஆகிய நான்கையும் எப்படிப் பயன்படுத்துவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்தக் கருத்து மூலநூலுக்குப் புறம்பானதன்று. சரக சம்ஹிதை நோய்களை எளிதில் தீர்பவை, அரிதில் தீர்பவை, தீராவிட்டாலும் கட்டுக்குள் வைக்கத்தக்கவை, சிகிச்சைக்கு அடங்காதவை என்று நான்காகப் பிரிக்கிறது. அதன் இந்திரிய ஸ்தானம் என்னும் பகுதியின் 12 அத்தியாயங்களும் சாவு நெருங்குவதைக் காட்டும் குறிகளைப் பற்றியவை. அக்குறிகளுக்கு அரிஷ்டம் என்று பெயர். (கடையில் விற்கும் தசமூலாரிஷ்டத்தின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது என்றாலும் அங்கே அது நொதிக்க வைத்த மருந்தைக் குறிக்கும், மிரள வேண்டியதில்லை.) அக்குறிகளைக் கண்ட வைத்தியர், கேட்கப்படாதபோது தாமாகச் சாவை அறிவிக்கக் கூடாது என்றும், கேட்டாலும் அந்தச் செய்தி நோயாளியையோ உடனிருப்பவரையோ நொறுக்கிவிடுமானால் சொல்லக் கூடாது என்றும் அந்நூல் கூறுகிறது. இன்றைய மருத்துவ அறம் நோயாளியின் அறியும் உரிமையை முன்வைப்பதால், இந்த இரண்டாம் பகுதியை அப்படியே பின்பற்ற முடியாது என்பது என் எண்ணம். கேட்பவரிடம் மறைப்பது அவரைத் தனிமையில் தள்ளிவிடும்.

சிகிச்சைக்கு வைத்தியர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர், நோயாளி என்று நான்கு கால்கள் உண்டு என்பதும் சரகர் கூற்றே. திருக்குறளின் மருந்து அதிகாரமும் இந்த நான்கையே சொல்லி, கவனிப்பவரை உழைச்செல்வான் என்று அழைக்கிறது. செய்முறை அறிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை ஆகியவை அவரிடம் இருக்க வேண்டும் என்று சரகர் எதிர்பார்க்கிறார். மற்ற மூன்று கால்களும் தளர்ந்துவிட்ட நிலையில் இந்த ஒரு காலின்மேல்தான் வீடு நிற்கிறது.

தொடங்கும் முன்

முதல் வேலை, தீராத நோயாளியின் வலியையும் அவதியையும் தணித்துக் கவனிக்கும் ஹோஸ்பிஸ் குழுவைத் தேடிப் பதிவு செய்துகொள்வது. பினாங்கில் பினாங்கு ஹோஸ்பிஸ் சங்கமும், கோலாலம்பூரையும் அதைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கையும் பொறுத்தவரை 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியாவும் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையை நடத்துகின்றன. வலிக்கு மார்பின் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். தைலம் தேய்த்ததால் வலி குறைந்ததென்று நினைத்து ஒரு வேளை மருந்தை விட்டுவிடக் கூடாது. மார்பின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். மருத்துவர் வலியின் அளவுக்கேற்ப எழுதிக் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை.

ஆயுர்வேத வைத்தியரை நாடுவதென்றால், 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்படி (சட்டம் 775) அவர் பதிவு பெற்றவர்தானா என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. வாங்கும் மருந்தின் மேல் எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இறுதியில் டி (T) என்னும் எழுத்தும் கொண்ட பதிவெண் இருக்க வேண்டும். அந்த டி பாரம்பரிய மருந்தைக் குறிப்பது. புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது என்பதால், அப்படிப்பட்ட துண்டறிக்கை உங்கள் கைக்கு வந்தால் அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

வைத்தியரிடம் போகும்போது மருத்துவமனை கொடுத்த மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். அவர் எழுதிக் கொடுப்பதை ஹோஸ்பிஸ் தாதியிடமும் காட்டுங்கள். அசுவகந்தி, சடாமாஞ்சி போன்ற மூலிகைகள் மார்பினோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். அதிமதுரம் உடலில் நீரைத் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால், இதய நோய்க்கு மருந்து எடுப்பவருக்கும் நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்கும் ஆகாது. பாதரசம், ஈயம் கலந்த பற்பங்களை (புடமிட்ட மருந்துப் பொடிகளை)ச் சிறுநீரகமும் கல்லீரலும் தளர்ந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. வமனம் (வாந்தி எடுக்க வைத்தல்), விரேசனம் (பேதியாக வைத்தல்) முதலிய பஞ்சகர்மச் சுத்திகரிப்புகள் பலம் குன்றியவருக்கு விலக்கப்பட்டவை என்று ஆயுர்வேத நூல்களே சொல்கின்றன. ஆகவே கடைசி முயற்சியாகப் பஞ்சகர்மம் செய்து பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அவர் படித்தது என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

எண்ணெய்

முதுமையும் நீண்ட நோயும், வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றில் ஒன்றான வாதத்தைப் பெருக்குகின்றன என்பது ஆயுர்வேதத்தின் பார்வை. வாதத்தின் குணங்கள் வறட்சி, குளிர்ச்சி, இலேசு, அலைச்சல். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்தால் இது புத்தகச் செய்தியாகத் தோன்றாது: தோல் செதிலாக உரியும், வெளியே 32 பாகை வெயில் அடிக்கும்போதும் பாதம் சில்லிட்டிருக்கும், விரல்கள் போர்வையைப் பிசைந்துகொண்டே இருக்கும். வறட்சிக்கு எண்ணெய், குளிர்ச்சிக்கு வெதுவெதுப்பு, அலைச்சலுக்கு நிதானமான தொடுகை என்று எதிர்க்குணத்தால் தணிப்பதே முறை.

சக்தி குன்றியவருக்கு உடல் முழுதும் எண்ணெய் தேய்ப்பது வேண்டாம். பாதமும் கையும் உச்சந்தலையும் போதும். குளிராகவும் வறட்சியாகவும் இருப்பவருக்கு நல்லெண்ணெய் அல்லது சிற்றாமுட்டி வேரும் பாலும் நல்லெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய க்ஷீரபலா தைலம் பொருந்தும். உடம்பெல்லாம் எரிகிறது என்பவருக்கும், மஞ்சள் காமாலையால் அரிப்பெடுப்பவருக்கும் தேங்காய் எண்ணெய் மேலானது. எதை வாங்கினாலும் முதல் நாள் ஒரு துளியைக் கைக்குட்டையில் தொட்டு அவர் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நோய் முற்றியவர்களுக்குச் சிறு வாசனையே குமட்டலைக் கிளப்பும். விலை கொடுத்து வாங்கிய தன்வந்திரத் தைலத்தை என் தாயார் ஒரே முகர்வில் ஒதுக்கிவிட்டார். வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த செக்கெண்ணெயைத்தான் கடைசிவரை ஏற்றுக்கொண்டார்.

இரண்டு தேக்கரண்டி எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் மூன்று நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேராகக் காய்ச்சினால் சூடு எவ்வளவு என்று தெரியாது. உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடு உறைக்காமல் இதமாக இருந்தால் தொடங்கலாம். பழைய துண்டு ஒன்றைக் காலுக்குக் கீழே விரித்து, படுக்கையின் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து செய்தால் மூன்றாம் நாளே உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதலில் கையை வெறுமனே பாதத்தின்மேல் வைத்து, அவர் மூச்சு நாலைந்து முறை வந்து போகும்வரை காத்திருங்கள். பிறகு கணுக்காலைச் சுற்றி, குதிகாலைக் குழிந்த உள்ளங்கையில் ஏந்தி, உள்ளங்காலின் நடுவே கட்டைவிரலால் மெல்ல வட்டமிட்டு, ஒவ்வொரு விரலாக நுனிவரை நீவி முடியுங்கள். அழுத்தம் எவ்வளவு என்றால், பழுத்த தக்காளியின் தோல் கிழியாமல் துடைக்கும் அளவு. காலுக்கு ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும் விரலிடுக்குகளில் எண்ணெய் தங்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். எழுந்து நடக்கக்கூடியவராக இருந்தால் உள்ளங்காலை நன்றாகத் துடைத்துவிட்டே தரையில் கால் வைக்க விடுங்கள், ஏனென்றால் நம் வீட்டு மொசைக் தரையில் எண்ணெய்க் காலோடு விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும்.

தூக்கம் வராமல் தவிப்பவருக்குச் சிரோதாரையை, அதாவது நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றுவதை, பரிந்துரைப்பவர்கள் உண்டு. அரைமணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டிய அந்தச் சிகிச்சை மூச்சு வாங்குபவருக்குத் தண்டனையாகிவிடும். அதற்கு மாற்றாகப் பிசு என்னும் எளிய முறை இருக்கிறது: பஞ்சை அட்டை போலத் தட்டி, வெதுவெதுப்பான எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, உச்சந்தலையில் இருபது நிமிடம் வைத்திருந்து எடுத்துவிடுவது. மூக்கில் எண்ணெய் விடும் நசியம் இந்த நிலையில் வேண்டாம், புரையேறும்.

தொடக் கூடாத இடங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், தேய்க்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். கட்டி இருக்கும் இடம், கதிர்வீச்சுப் பட்ட தோல், புற்று பரவிய எலும்பு, இரத்தத் தட்டணுக்கள் குறைந்து தானாகவே கன்றிப்போகும் உடம்பு ஆகியவற்றை அழுத்தக் கூடாது. வால் எலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருந்தால் தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம், தேய்த்தால் உள்தசை கிழியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், காற்று மெத்தையும்தான் அதற்கு மருந்து.

இன்னொன்றை என் தவறிலிருந்தே சொல்கிறேன். தாயாரின் தோளில் வலிக்காக ஃபெண்டனில் என்னும் மருந்து தோல்வழியே இறங்கும் பட்டை ஒட்டியிருந்தார்கள். கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்று அவர் சொன்னதால், நொச்சியிலையை வறுத்துத் துணியில் முடிந்து தோள்வரை ஒத்தடம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அவர் கூப்பிட்டால் கண் திறக்காத மயக்கத்துக்குப் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்தபோது ஹோஸ்பிஸ் மிஸ்ஸி (தாதி) கேட்ட முதல் கேள்வி, பட்டையின் மேல் சூடு பட்டதா என்பதுதான். சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து வேகமாக உடலுக்குள் இறங்கும். எண்ணெய் பட்டால் பட்டை கழன்றுவிடும். அன்று இரவு அவர் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பட்டை ஒட்டியவருக்கு அதைச் சுற்றி ஒரு சாண் தொலைவுக்கு ஒத்தடமும் வேண்டாம், தைலமும் வேண்டாம்.

வாயும் வயிறும்

பசி போய்விட்டவரைச் சாப்பிட வைக்க நடக்கும் போராட்டம் வீட்டில் எல்லோரையும் காயப்படுத்தும். அக்கினி, அதாவது செரிக்கும் சக்தி, தணிந்தவனுக்குக் கனத்த உணவு நஞ்சாகும் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படைப் பாடம். உடல் ஒடுங்கும் காலத்தில் உணவை அதுவே மறுக்கிறது என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. சாப்பிடாததால் அவர் போய்க்கொண்டிருக்கவில்லை, போய்க்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை என்று ஹோஸ்பிஸ் மருத்துவர் ஒருவர் எங்கள் அத்தையிடம் விளக்கிய பிறகுதான் வீட்டில் அந்தச் சண்டை ஓய்ந்தது.

விழுங்கும் சக்தி இருக்கும்வரை, ஆயுர்வேதம் படிப்படியாக வகுத்திருக்கும் கஞ்சிகள் உதவும். அரிசிப் பருக்கையே இல்லாத தெளிவுக்கு மண்டம் என்றும், கொஞ்சம் பருக்கை உள்ள நீர்த்த கஞ்சிக்குப் பேயா என்றும், கெட்டியானதற்கு விலேபி என்றும் பெயர். மண்டத்துக்கு ஒரு பங்கு அரிசிக்குப் பதினான்கு பங்கு தண்ணீர். பழைய பச்சரிசியை இலேசாக வறுத்து, குழையும்வரை வேகவிட்டு, அசைக்காமல் வடித்து, ஒரு சிட்டிகை இந்துப்பும் சுக்குத் தூளும் சேர்த்து, இளஞ்சூட்டில் தேக்கரண்டியால் கொடுங்கள். குமட்டலும் தாகமும் மிகுந்தவருக்கு அரிசிக்குப் பதிலாக நெற்பொரியைக் கொதிநீரில் போட்டு வடித்த தெளிவு இன்னும் இலேசானது. நெற்பொரி திருக்கார்த்திகைக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் கொண்டுவரும் மோய் கஞ்சியும் இதே குடும்பம்தான், அதன் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீர் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம். இதயம் பலவீனமானவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நீராகாரமும் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க, முந்தைய வாய் விழுங்கியது உறுதியான பிறகே அடுத்த வாய். இருமினாலோ குரல் களகளத்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விழுங்க முடியாத நிலை வந்ததும் வாயை நனைப்பதே உணவாகிறது. ஆயுர்வேதத்தில் வாயில் எண்ணெய் நிறைத்து வைக்கும் முறை உண்டென்றாலும் துப்பத் தெரியாதவருக்கு அது ஆபத்து. கொதித்து ஆறிய நீரில் வெட்டிவேரை ஊறவைத்து வடித்து, சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி அதில் தோய்த்துப் பிழிந்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் மேல் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். பிறகு உதட்டில் நெய்யை மெல்லிய பூச்சாகத் தடவினால் வெடிப்பு வராது. நாக்கில் தயிர் போல வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்று. நெய்யும் தேனும் அதைப் போக்கமாட்டா, மருத்துவர் தரும் சொட்டு மருந்து வேண்டும்.

மார்பின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மருத்துவமனை கொடுக்கும் மலமிளக்கியை நாள்தோறும் கொடுத்துக்கொண்டே, விழுங்க முடிந்தவருக்கு இரவில் ஊறவைத்த உலர்திராட்சைச் சாற்றையோ வெதுவெதுப்பான பாலில் ஒரு தேக்கரண்டி நெய்யையோ சேர்த்துத் தரலாம். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் குடல் அடைத்திருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய் கொடுப்பது உயிருக்கே கேடு.

அறை

பிராணவாயு இயந்திரம் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கூடாது; முகத்திலும் உதட்டிலும் எண்ணெயோ நெய்யோ தடவாமல் நீர் அடிப்படையிலான களிம்பைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். சாமியறை அதே கூடத்தில் இருந்தால் மின்விளக்கை ஏற்றி வைத்துக்கொள்ளலாம், தெய்வம் கோபித்துக்கொள்ளாது. சாம்பிராணிப் புகை மூச்சு வாங்குபவரை மேலும் வதைக்கும். தலைப்பக்கத்தை உயர்த்தி, சிறு மின்விசிறியின் காற்றைக் கன்னத்தில் படும்படி வைத்தாலே மூச்சுத் திணறல் கணிசமாகத் தணிவதைக் காண்பீர்கள்.

ஆயுர்வேதம் மருந்தாலும் உணவாலும் செய்யும் சிகிச்சையோடு, வழிபாட்டால் செய்வதையும், மனத்தை நிலைப்படுத்திச் செய்வதையும் சேர்த்து மூன்றாகச் சொல்கிறது. பின்னிரண்டுக்கும் இந்த வேளையில் இடம் மிகுதி. தேவாரமோ திருப்புகழோ பழைய வானொலிப் பாடலோ, அவர் வாழ்நாளில் விரும்பிக் கேட்டது எதுவோ அதையே தணிந்த ஒலியில் வையுங்கள்; நீங்கள் விரும்புவதை அன்று. திடீரென்று தவித்துப் படுக்கையை விட்டு எழ முயன்றால், பயம் என்று முடிவு கட்டும் முன் சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, வலி மருந்து தவறியதா என்று பாருங்கள்.

கடைசி மணிகள்

மூச்சு விட்டு விட்டு வரும். தொண்டையில் சளி களகளக்கும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தால் அந்தச் சத்தம் குறையும். கேட்பவர்களுக்குக் கொடுமையாக இருந்தாலும் அந்நிலையில் அது அவருக்குத் துன்பம் தருவதாக மருத்துவர்கள் கருதுவதில்லை. உறவினர் ஒவ்வொருவராக வந்து பாலோ கங்கை நீரோ வாயில் ஊற்றுவது நம் வழக்கம். ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். துளசி இலையைப் பாலில் தோய்த்து உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள். என் தாயாருக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் அப்படித்தான் செய்தார்கள், யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை. கடைசி நாளில் முழு எண்ணெய்ச் சேவை தேவையில்லை, பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணியே அந்த அறையில் பேசுங்கள். ஈமச் சடங்குக் கணக்கையும் நிலத்தகராறையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உயிர் பிரிந்தால் யாரை அழைப்பது, இறப்பை உறுதி செய்யும் கடிதத்தை யார் தருவார், காவல் நிலையத்துக்கு எதைக் கொண்டுபோவது என்பதை ஹோஸ்பிஸ் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு, அடையாள அட்டையையும் மருத்துவக் கோப்பையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மீதமிருக்கும் மார்பினையும் பட்டைகளையும் தூக்கி எறியாமல், கொடுத்த இடத்திலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும். தைலப் புட்டியை ஒப்படைக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஆளைப் புரட்டிப் புரட்டி உங்கள் மணிக்கட்டும் முதுகும் வலித்துக்கொண்டிருக்கும், அதற்கு ஆகும்.